கரையிலிருந்து கடலடிக்கு



2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒருநாள், ஒல்லாந்து தேசத்து றொட்டர்டாம் நகரிலே வாழும் என் தமக்கையின் மகனிடமிருந்து நீண்டதொரு மின்னஞ்சல் வந்தது. கரிபியன் கடலிலே பொனேர் என்றொரு தீவு இருக்கிறதென்றும், வருகின்ற பெப்ரவரி மாதத்தில் அங்கே பத்து நாட்கள் தங்கி நாம் இருவரும் சுழியோடலாமென்றும் அவன் எழுதியிருந்தான். கடிதத்தின் அடியிலே ஓர் அட்டவணை. காலையில் இரண்டு, பிற்பகலில் ஒன்று, இரவில் ஒன்று என நாளுக்கு நான்காக, பத்து நாட்களுக்கு 40 சுழியோட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இடமும் நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. போய் இறங்கும் நாளுக்கும் திரும்ப விமானம் ஏறும் நாளுக்குங்கூட விலக்கில்லை. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணாக்கனின் நேரசூசி போலவே அஃது இருந்தது.

நான் முப்பது ஆண்டுகள் பூமிசாத்திரம் படிப்பித்தவன். திருகோணமலையிலே ஐம்பது வயதுக்குப் பிறகு சுழியோடக் கற்றுக்கொண்டவன். அந்த நேரசூசியைக் கண்டதும் என் கை தானாகவே சிவப்பு மையைத் தேடிற்று. எனினும் தீவின் பெயர் என்னை விடவில்லை. தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று தொடங்கி மூன்று மாதங்கள் எங்கள் இருவருக்குமிடையே நடந்த வாக்குவாதமும், பின்னர் அத்தீவிலே நாங்கள் கண்டதும் பட்டதுமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

பொனேர் தென்னமெரிக்காவின் வடகரைக்கு அப்பால், வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அறுபா, குராசோ, பொனேர் என்னும் மூன்று தீவுகளுள் கிழக்கே கிடப்பது அதுவே. பரப்பு 288 சதுரக் கிலோமீற்றர். நமது மன்னார்த் தீவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 1636இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். யாழ்ப்பாணக் கோட்டை அவர்கள் வசமானது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1658இலே. நம்மை விட்டு அவர்கள் போய் வெகுகாலமாயிற்று. பொனேரோ இன்றும் அவர்களோடுதான் இருக்கிறது. 2010 ஒக்டோபர் 10 முதல் அது நெதர்லாந்தின் சிறப்பு மாநகராட்சிகளுள் ஒன்று. ஆயினும் அங்கே செல்லும் நாணயம் அமெரிக்க டொலர். வீட்டிலே பேசும் மொழி பாப்பியமெந்து. தலைநகரின் பெயர் கிராலெண்டைக். முருகைக்கல் அணை என்ற பொருள்படும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து மருவியது அப்பெயர் என்பர்.

பெயர் பொருத்தமானதே. சுழியோடிகள் உலகின் எத்தனையோ கடல்களை விட்டு இச்சிறு தீவை நாடுவதற்குக் காரணம் அம்முருகைக்கல்தான். மற்றைய இடங்களிலே நல்ல கற்பாரைக் காண வேண்டுமாயின் படகேறி ஒருமணி நேரம் போகவேண்டும். பொனேரின் மேற்குக் கரையில் அது கரையோடு ஒட்டிக் கிடக்கிறது. நீரில் இறங்கி ஐம்பது அறுபது மீற்றர் நீந்தினால் தரை மெல்லத் தாழ்ந்து 8, 10 மீற்றர் ஆழமாகும். அவ்விளிம்பிலிருந்து முருகைச் சரிவு ஒன்று கூரை சாய்வதுபோல் கீழே இறங்கி, 30 மீற்றருக்கும் அப்பால் நீலத்துள் மறைகிறது. அந்தக் கடலிலே ஆண்டு முழுவதும் கொண்டற் காற்றே வீசுகிறது. கிழக்குக் கரையில் அலை மோதி நுரைத்துக்கொண்டிருக்க, மேற்குக் கரை தீவின் மறைவிலே குளம்போலக் கிடக்கும். எதிரே க்ளைன் பொனேர் என்னும் மனிதர் குடியிராத குறுந்தீவு இன்னுமொரு காப்பு. கரையோரமாக நல்ல தெரு. தெருவோரத்திலே மஞ்சள் வர்ணம் பூசிய கற்கள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பெயர். பெயர் எழுதிய கல்லைக் கண்டால் அங்கே இறங்கலாம் என்பது பொருள். இப்படிக் கரையிலிருந்தே இறங்கத்தக்க இடங்கள் ஐம்பதுக்கு மேல் உள்ளன.

இனி, வாக்குவாதத்துக்கு வருகிறேன். கரையிலிருந்து சுழியோடுவது எளிது, மலிவு, சுதந்திரமானது என்பது என் மருமகனின் கட்சி. மூன்றும் உண்மையே. ஆனால் படகிலே போகும்போது நமக்குத் தெரியாமலே ஒருவர் நமக்காகப் பல முடிவுகளை எடுக்கிறார். காற்று மாறினால் படகைத் திருப்புவார், நீரோட்டத்தைப் பார்ப்பார், தலைகளை எண்ணுவார், இவர் இன்று இறங்க வேண்டாம் என்று ஒருவரை இருத்திவைப்பார். கரையிலே அந்த மனிதர் இல்லை. கெப் வண்டியொன்றும் நான்கு காற்றுச் சிலிண்டர்களும் நம்முடைய ஆசையுமே இருக்கின்றன. ஆகையால் அந்த மனிதர் செய்யும் வேலையை நேரசூசி செய்யவேண்டும் என்று வாதாடினேன். அதற்கு அதிலே வெற்றிடங்கள் வேண்டும்.

“மாமா, இவ்வளவு பணங் கொடுத்துப் போய்ச் சும்மா இருக்கவா?” என்று தொலைபேசியிலே கேட்டான்.

“தம்பி, சும்மா இருக்கத் தெரியாதவன் சுழியோடப் போகக்கூடாது” என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேயர்களுட் பலர் இக்கலையை அறியாதவராயிருக்கலாம். ஆதலின் சிறிது விளக்குவேன். நீரின் கீழே பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடும். 10 மீற்றரில் இரண்டு, 30 மீற்றரில் நான்கு. நாம் முதுகிற் சுமக்கும் காற்றும் அந்த வீதத்திலேயே விரைந்து செலவாகும். கரையில் நான்கு மணித்தியாலத்துக்குப் போதுமான காற்று 30 மீற்றரில் ஒரு மணித்தியாலத்துக்கே போதும். அதனோடு, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் அழுத்தத்தினால் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும். மெல்ல மேலேறினால் அது மூச்சோடு மெல்ல வெளியேறும். விரைந்து ஏறினால், சோடாப் போத்தலை உடைத்தாற்போலக் குமிழியிட்டு மூட்டுக்களிலும், தீவினையிருந்தால் முள்ளந்தண்டிலும் மூளையிலும் சென்று தாக்கும். ஒரு சுழியோட்டத்திற் கரைந்தது முழுவதும் கழியுமுன் அடுத்ததற்கு இறங்கினால் மிச்சம் மிச்சத்தோடு சேரும். நாளுக்கு நான்கு, பத்து நாள் என்பது வெறும் களைப்புக் கணக்கன்று, மிச்சக் கணக்கு. ஒட்சிசன் செறிந்த காற்றை நிரப்பிக் கொள்ளலாம் என்று அவன் சொன்னான். 100க்கு 32 பங்கு ஒட்சிசன் கலந்த காற்று அத்தீவிலே தாராளமாகக் கிடைக்கிறது. அதற்கான பயிற்சி பெற்றவர்க்கே கொடுப்பார்கள். நைதரசன் குறையுமென்பது சரி. ஆனால் அக்காற்றோடு 34 மீற்றருக்குக் கீழே போனால் ஒட்சிசனே நஞ்சாகத் தொடங்கும். ஒரு வாயிலை அகலத் திறந்து இன்னொன்றை அடைக்கும் ஏற்பாடு அது. அதை ஏற்றுக்கொண்டேன், நாற்பதை ஏற்றுக்கொள்ளவில்லை.

முடிவிலே 25 என்று உடன்பட்டோம். முதல் நாள் ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுபவனுக்கு அம்ஸ்டர்டாமுக்கு அப்பாலும் பத்து மணித்தியால விமானப் பயணம். போய்ச் சேர்ந்தால் கடிகாரம் நம்முடையதிலும் ஒன்பதரை மணித்தியாலம் பின்னே நிற்கும். அன்று உறக்கமே கடமை. நடுவிலே ஐந்தாம் நாளும், புறப்படுவதற்கு முந்திய பிற்பகலும், புறப்படும் நாளும் வெறுமை. இந்தக் கடைசி வெறுமையைப் பற்றி அவன் அப்போது அதிகம் வாதாடவில்லை. பின்னே அதுதான் எங்களுக்கிடையே வந்து நின்றது.

பெப்ரவரி மாதத்தை அவன் தேர்ந்தது தன் விடுமுறைக்காக. அது பொருத்தமாகவே அமைந்தது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அங்கே மழைக்காலம். மழை பெய்தாற் கரையோர நீர் கலங்கும். பெப்ரவரியில் மழை குறைந்துவிடும். நீர் 26 பாகை அளவிலே சற்றுக் குளிர்ந்திருக்கும். செப்டெம்பர், ஒக்டோபரில் 29 வரை ஏறும், காற்றும் தணிந்திருக்கும். கரிபியனைப் பாழாக்கும் பெரும்புயல்களின் வழமையான பாதைக்குத் தெற்கே பொனேர் கிடக்கிறதென்பது மெய். ஆயினும் 1999 நவம்பரில் லெனி என்ற புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்காகச் சென்றபோது, என்றும் அமைதியாயிருந்த மேற்குக் கரையிலே அலை மோதி, ஆழங்குறைந்த நீரிலிருந்த முருகையைப் பிய்த்தெறிந்தது. காற்று மாறும் நாளிலே வாகனத்தை விட்டு இறங்காமல் திரும்பிவிடுவதென்றும் நேரசூசியின் ஓரத்தில் எழுதிக்கொண்டோம்.

மற்றைய ஆயத்தங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வைத்தியரிடம் காது, நுரையீரல், இருதயம் மூன்றையும் காட்டிச் சான்று பெற்றேன்; அறுபதைக் கடந்தவனுக்கு அது பெயருக்குச் செய்யும் காரியமன்று. சுழியோடிகளுக்கென்றே உள்ள காப்புறுதி எடுத்தோம். குமிழி நோய் கண்டவரை அழுத்த அறையில் வைத்தே மீட்கவேண்டும். அத்தகைய அறை கிராலெண்டைக் மருத்துவமனையில் உண்டு, செலவுதான் பெரிது. தீவுக்குள் வரும் அந்நியருக்கு 75 டொலர் வரியும், கடற்பூங்காவுக்கு ஆண்டுக்கட்டணமாக 40 டொலரும் கட்டினோம். தடித்த அடியுள்ள இறப்பர்ச் சப்பாத்து வாங்கினோம். தயவுசெய்து இதனைச் சிறு விடயமென்று எண்ணவேண்டாம். அக்கரையிலே மணல் அரிது. இறந்த முருகையின் முறிந்த துண்டுகளும் கூரிய சுண்ணக்கல்லுமே காலின் கீழ் இருக்கும். குதியை மூடாத மெல்லிய துடுப்புக் காலணியோடு வந்த ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு போனதை முதல் நாளே கண்டோம்.

அங்கே சேர்ந்ததும் எந்தச் சுழியோடியும் முதலில் விதிமுறைகளைக் கேட்டு, ஒரு சோதனைச் சுழியோட்டம் செய்துகாட்ட வேண்டும். முப்பதாண்டு அனுபவம் உள்ளவருக்கும் இது பொதுவிதி. கையுறை அணியக்கூடாது, கையுறை அணிந்தவன் முருகையைப் பிடிப்பான் என்பது அவர்கள் கணக்கு. எதையுந் தொடலாகாது, எதையும் எடுக்கலாகாது, வெறுஞ் சங்கையும் இட்ட இடத்தில் விடவேண்டும். நீரிலே மேலும் கீழுமாகத் தத்தளிக்காமல் ஒரே மட்டத்தில் மிதந்து நிற்கத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பார்த்த இளம்பெண், என் இடுப்பிலிருந்து ஈயக் கட்டிகள் இரண்டைக் கழற்றிவைத்தாள். அதன் பிறகு எனக்கு மூச்சும் குறைவாகவே செலவாயிற்று. பத்தாண்டுகளாக நான் வீணே சுமந்த பாரம் அது!

கெப் வண்டியைப் பற்றியும் ஒரு சொல். சிலிண்டர் நிரப்பும் இடத்துக்கு வண்டியோடே சென்று ஏற்றிக்கொள்ளலாம். கரையில் நிறுத்தும்போது வண்டியில் எதையும் வைக்காதீர்கள். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள் என்று எல்லாருமே சொல்வர். நீரின் கீழே ஒரு மணித்தியாலம் இருப்பவனுடைய பை எத்தனை பேர் கண்ணுக்குக் காவலின்றிக் கிடக்கும்! கடவுச்சீட்டும் பணமும் தங்கிய அறையில். வண்டியிலே ஒரு துவாயும் ஒரு போத்தல் தண்ணீரும் மட்டும். மனம் இலேசானதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காம் நாள் ஏஞ்சல் சிற்றி என்ற இடத்தில் இறங்கினோம். அங்கே ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இரண்டு கற்பார்கள். நடுவிலே வெண்மணல் ஒழுங்கை. கரையிலிருந்து இறங்குவோர் கைக்கொள்ளவேண்டிய முதல் விதி, போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய், வரும்போது அதனோடு வருவது. அதை என் மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நானே. அன்று அந்த மணல் ஒழுங்கையின் அழகிலே இருவரும் மயங்கிப்போனோம். இரண்டு கிளிமீன்கள் முருகையைக் கடிக்கும் ஓசை காதிற் கேட்டது. அவற்றின் பின்னே போனோம். போவது சுகமாயிருந்தது. ஏன் சுகமாயிருக்கிறதென்று கேட்கவில்லை. 25 நிமிடங்கழித்துத் திரும்பியபோதுதான் தெற்கு நோக்கிய ஓட்டம் முகத்தில் அடித்தது. பத்து உதை உதைத்தால் இரண்டு உதை தூரமே கிடைத்தது. அவன் இளையவன், பலசாலி. பலசாலி பலத்தையே நம்புவான். உதைக்க உதைக்க மூச்சு விரைந்தது. மூச்சு விரைய முட்கருவி இறங்கிற்று. 200இல் தொடங்கிய முள் 70க்கு வந்ததை அவன் எனக்குக் காட்டியபோது முகக் கண்ணாடிக்குள் அவன் கண்களைப் பார்த்தேன். அந்தப் பார்வையை அவன் சிறுவனாயிருந்த காலத்தில் ஒருமுறை கண்டிருக்கிறேன். கிணற்றுக் கட்டிலே கால் வழுக்கியபோது.

வண்டியை மறந்துவிடு என்று கையாற் சொன்னேன். சரிவின்மேலே ஏறி 5 மீற்றர் ஆழத்தில், மூன்று நிமிடம் அசையாமல் இருவரும் கையைப் பற்றிக்கொண்டு நின்றோம். பின்பு நேரே கரைக்கு நீந்தினோம். ஏறிய இடத்திலே வேறொரு மஞ்சட் கல். ஆலிஸ் என்று தொடங்கும் பெயர். காலூன்றும்போது ஒரு சிற்றலை தள்ள, அவன் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டான். துடுப்புகளைக் கையிலும் சிலிண்டரை முதுகிலும் சுமந்துகொண்டு உச்சி வெயிலிலே தெருவால் நடந்தோம். அரைக் கிலோமீற்றர் இருக்கலாம். தன் வண்டியில் வந்த மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நிறுத்தி, பின்பக்கத்தைக் கைகாட்டி, ஏற்றிக்கொண்டு போய் எங்கள் வண்டியடியில் விட்டுச் சிரித்தார். எங்களைப்போல் எத்தனை பேரை அவர் ஏற்றியிருப்பாரோ! ஐந்தாம் நாள் வெறுமையாயிருந்ததற்கு என் மருமகன் முதன்முறையாக நன்றி சொன்னான்.

அந்த ஓய்வு நாளிலே தெற்குக் கரையின் உப்பளங்களைப் பார்த்தோம். தீவின் தென்பகுதி முழுவதும் இளஞ்சிவப்பு நீர்ப்பாத்திகள்; இன்றும் அங்கே உப்பு விளைகிறது. கடலோரத்தில் வரிசையாகச் சிறு கற்குடில்கள் உள்ளன. 1850 அளவிலே கட்டப்பட்டவை. உள்ளே ஒரு மனிதன் நிமிர்ந்து நிற்கமுடியாது. வாயிலிலே மண்டியிட்டே நுழையவேண்டும். உப்பு வாரிய அடிமைகள் இரவிலே படுத்த இடம் அது. அவர்களுடைய குடும்பங்கள் வடக்கே ரிங்கோன் ஊரிலே இருந்தன. வார இறுதியில் ஏழு மணித்தியாலம் நடந்து போய்ப் பார்த்து வருவார்களாம். 1863இலே அடிமைமுறை ஒழிந்தது. குடில்களுக்கருகே, உப்பேற்ற வரும் கப்பல்களுக்கு வழிகாட்ட 1837இல் எழுப்பிய நிறந்தீட்டிய தூண்கள். சுழியோடும் இடங்களின் பெயர்ப் பட்டியலில் ‘வெள்ளை அடிமை’, ‘சிவப்பு அடிமை’ என்று இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, இதென்ன பெயர் என்று றொட்டர்டாமிலே சிரித்திருந்தோம். அக்குடிலுள் நுழைந்து வெளிவந்தபின் அவ்விடங்களில் இறங்க எங்களுக்கு மனம் வரவில்லை. அது எங்கள் பலவீனமாகவும் இருக்கலாம். அங்கே இறங்குபவரை நான் குறை கூறேன்.

உப்புத் துறையின் கீழே இறங்கினோம். கப்பல் கட்டியிருக்கும்போது அங்கே இறங்கக்கூடாது. கப்பல் எப்போது வரும் என்பதை முன்னமே விசாரித்துத்தான் நாளை வைக்கவேண்டும். இரும்புத் தூண்கள் யாவும் கடற்பஞ்சும் முருகையும் போர்த்து, சிவப்பும் ஊதாவும் மஞ்சளுமாய், கோயிற்றூண்கள் போல நிற்க, அவற்றிடையே சாய்ந்து விழும் வெயிலில் சீலா மீன்கள் அசையாமற் கிடந்தன. வடக்கே ‘ஆயிரம் படி’ என்றோர் இடம். உண்மையிற் படிகள் எழுபதளவுதான். இறங்கும்போது எழுபது, ஈரச் சிலிண்டரைச் சுமந்து ஏறும்போது ஆயிரம். பெயரிட்டவர் ஏறும்போது எண்ணியிருக்கிறார்.

இரவிலே இறங்கினால் தார்ப்பன் என்னும் ஆளுயர மீன் நம்மோடு கூடவே வரும். நம் விளக்கின் ஒளியிலே அது வேட்டையாடக் கற்றிருக்கிறது. உறங்கும் சிறு மீனொன்றை வியந்து விளக்கைப் பிடித்தோமானால், தோளுக்கு மேலாக ஒரு வெள்ளி மின்னல்; சிறு மீன் இல்லை. இதனை அறிந்தபின் விளக்கை மணலிலே பிடித்துக்கொண்டு போனோம்.

இவ்வளவும் கேட்டபின், அங்கே எல்லாம் செழிப்பாயிருக்கிறதென்று நேயர்கள் எண்ணக்கூடும். அப்படியன்று. 1962இலே வலரி குயீன் என்ற பாய்க்கப்பலில் டொன் ஸ்டூவட் என்னும் அமெரிக்கர் அத்தீவுக்கு வந்தார். முதலிலே கண்ணாடித் தொட்டிகளுக்கு மீன் பிடித்து விற்றவர், பின்பு அக்கடலுக்குக் காவலராக மாறினார். 2014இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். படகுகள் நங்கூரம் இட்டு முருகையை உடையாதபடி, நிலையான மிதவைகளில் கட்டும் வழக்கத்தைப் பரப்பினார். 1971இல் ஈட்டியால் மீன் குத்துவதும், 1975இல் முருகை எடுப்பதும் தடுக்கப்பட்டன. 1979இல் கரையிலிருந்து 60 மீற்றர் ஆழம்வரை தீவைச் சுற்றிய கடல் முழுவதும் பூங்காவாயிற்று. இத்தனை காவல் இருந்தும், 2023இன் தொடக்கத்தில் கல்முருகைத் திசு அழிவு நோய் அங்கே காணப்பட்டது. 2014இல் புளோரிடாக் கரையிலே தோன்றிக் கரிபியன் எங்கும் பரவிய நோய் அது. மூளைபோல் மடிப்பு மடிப்பாக வளர்ந்த முருகை, நூறு இருநூறு ஆண்டு வயதுடையது, சில கிழமைகளிலே வெண்ணெலும்பாகிவிடும். அதே ஆண்டு கடல் அளவுக்கு மீறிச் சூடேறியதால் மற்றவையும் வெளிறின.

நாங்கள் அதைக் கண்ணாற் கண்டோம். ஒரு சரிவிலே, வண்டிச் சில்லளவு பெரிய முருகையொன்றின் பாதி பழுப்பும் பாதி வெண்மையுமாய் இருந்தது. ஆறு நாள் கழித்து மீண்டும் அதே கல்லடியில் இறங்கியபோது வெள்ளைக் கோடு ஒரு சாண் நகர்ந்திருந்தது. என் மருமகன் அதனெதிரே வெகுநேரம் மிதந்து நின்றான். கையுறை இல்லாத அவன் கைகள் மார்போடு கட்டியிருந்தன.

நோய் நீரோடும் பரவும், நம் உடையோடும் பரவக்கூடும் என்பதால், ஒவ்வோரிடத்திலும் ஏறியபின் கருவிகளைக் கிருமி நீக்கும் மருந்திட்டுக் கழுவச் சொல்கிறார்கள். நோய் கண்ட இடத்தை நாளின் கடைசியிலே வைக்கவும் சொல்கிறார்கள். நாங்கள் அவ்வாறே நேரசூசியைத் திருத்தினோம். வடக்கும் தெற்குமாக ஒரே நாளில் மூன்று இடங்களை ஓடிப்பார்க்கும் ஆசை அதனோடு கழிந்தது. 25 என்றது 21 ஆயிற்று.

இனி ஹில்மா ஹூக்கர். என் மருமகன் இத்தீவைத் தேர்ந்ததற்கே அந்தக் கப்பல்தான் முதற்காரணம். 1951இல் ஒல்லாந்திலே கட்டப்பட்டு, பல பெயர் மாறி, பல கை மாறி, 1984இல் பழுதுபட்டுப் பொனேரை அடைந்தது. ஐயுற்ற அதிகாரிகள் சோதித்தபோது பொய்ச்சுவருக்குள்ளே 11 ஆயிரம் கிலோகிராம் அளவு கஞ்சா இருந்தது. உடையவர் எவரும் வரவில்லை. ஓட்டை விழுந்த கப்பலைத் துறையிலிருந்து இழுத்துச் சென்று தெற்கே கட்டிவைத்தார்கள். அவ்வாண்டு செப்டெம்பர் 12ஆந் திகதி அது தானே மூழ்கிற்று. 72 மீற்றர் நீளமான உடல், இரண்டு கற்பார்களுக்கு நடுவிலுள்ள மணலிலே, 30 மீற்றர் ஆழத்தில் வலப்பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கிறது. கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம்.

ஏழாம் நாளுக்கு அதை வைத்திருந்தோம். ஆறாம் நாளிரவு அவனுக்குத் தடிமன் பிடித்தது. மூக்கடைத்தவனுக்குக் காதிலே அழுத்தம் சமப்படாது, சவ்வு கிழியும். ஏழும் எட்டும் அறையிலே போயின. ஒன்பதாம் நாட் காலையில் மெல்ல ஆழங்குறைந்த இடமொன்றிலே இறங்கிப் பார்த்தான். நண்பகலில்தான் காது திறந்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்கு விமானம்.

“மாமா, நாளை விடிய ஆறு மணிக்கு இறங்கி ஏழுக்கு ஏறிவிடலாம். பதின்மூன்று மணித்தியாலம் இருக்கிறது” என்றான்.

பல நாள் தொடர்ந்து சுழியோடியவர், கடைசியாக நீரைவிட்டு ஏறியபின் குறைந்தது 18 மணித்தியாலம் கழியாமல் விமானம் ஏறலாகாது என்பது நெறி. விமானத்தினுள் அழுத்தம் குறையும். உடம்பில் மிஞ்சிய நைதரசன் அங்கே குமிழியிடும். அத்திலாந்திக்கின் நடுவில் அழுத்த அறை ஏது? இதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஆனாலும் பதின்மூன்றோடு ஏறியவர்கள் இருக்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றான். இருக்கலாம். பிற்பகல் நான்கு மணிக்குள் முடித்தாற் பன்னிரண்டு பத்து மணித்தியாலம் என்று இழுபறிப்பட இடமில்லாமல், அன்றே, அப்போதே இறங்குவோமா என்றும் கேட்டான். காய்ச்சலும் தடிமனும் பட்ட உடம்பு அன்றுதான் எழுந்திருந்தது. 30 மீற்றர் அதற்கு உகந்ததன்று. நான் இரண்டுக்கும் இல்லை என்றேன். சோடி இல்லாமல் அவன் தனியே இறங்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அந்த அதிகாரத்தை நான் பயன்படுத்தியது எனக்கே உவப்பாயில்லை. ஆண்டுக்கணக்காகச் சேர்த்த பணமும் விடுமுறையும் அவனுடையவை. அன்றிரவு அவன் என்னோடு பேசவில்லை.

கடைசி நாட் காலையில் வண்டியைத் தெற்கே செலுத்தினான். ஹில்மா ஹூக்கர் என்றெழுதிய மஞ்சட் கல்லடியில் நிறுத்தி இறங்கினான். நூறடி தூரத்திலே மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன; நால்வர் இடையளவு நீரில் துடுப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய தலைகள் ஒவ்வொன்றாக மறையும்வரை பார்த்திருந்தான். பின்பு கல்லைப் படம் எடுத்தான்.

அங்கிருந்து வடக்கே கோத்தோ ஏரிக்குப் போனோம். நீர் வற்றிய ஓரத்திலே பூநாரைகள் நூற்றுக்குமேல், தலையை நீருள் விட்டபடி நடந்துகொண்டிருந்தன. “மன்னாரிலும் வருமல்லவா, மாமா?” என்று கேட்டான். முந்திய மாலைக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதற்சொல் அது. வரும், நிறமும் பருமனும் சிறிது வேறு என்று சொன்னேன். ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தோம்.